இன்டீரியர் டிசைனர் ஆக லைசன்ஸ் வேண்டுமா? கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆபீஸ் முடிந்து வீடு திரும்பும்போது போனில் இந்த மாதிரி விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்: "ஒரே வருடத்தில் அரசு அங்கீகாரம் பெற்ற இன்டீரியர் டிசைனர் ஆகலாம். லைசன்ஸ் உண்டு. வேலை உறுதி."

வேலை உறுதியா என்பது உங்கள் திறமையையும் சந்தையையும் பொறுத்தது. "அரசு அங்கீகாரம்" என்பதற்குப் பல அர்த்தங்கள் உண்டு, அதைக் கீழே பிரித்துப் பார்க்கலாம். ஆனால் "லைசன்ஸ் உண்டு" என்பது தவறு. இந்தியாவில் இன்டீரியர் டிசைனருக்கு லைசன்ஸ் கொடுக்கும் சட்டம் இல்லை. அதைக் கொடுக்கும் கவுன்சில் இல்லை. அதற்காக எழுத வேண்டிய தேர்வும் இல்லை.

"அப்போ நாளைக்கே நான் போர்டு மாட்டிக்கலாமா?" என்று கேட்டால், மாட்டிக்கலாம். சட்டம் தடுக்காது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்னும் தொழிலில், பல லட்சம் செலவழித்து நீங்கள் வாங்கும் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? எந்தச் சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும்? ஐடி வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களும், 12ஆம் வகுப்பு முடித்த தம்பி தங்கைக்கு வழி சொல்ல வேண்டியவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1972: ஒருவருக்குச் சட்டம், இன்னொருவருக்குச் சங்கம்

1972இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. நாடாளுமன்றம் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் வழியாக கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் என்ற சட்டபூர்வ அமைப்பு வந்தது. பி.ஆர்க். படித்து அங்கே பதிவு செய்தவர் மட்டுமே தன்னை 'ஆர்க்கிடெக்ட்' என்று அழைத்துக்கொள்ள முடியும்.

அதே ஆண்டில்தான் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் இன்டீரியர் டிசைனர்ஸ், சுருக்கமாக ஐஐஐடி, தொடங்கப்பட்டது. பெயரில் 'இன்ஸ்டிடியூட்' இருந்தாலும் அது தொழில்முறையினர் சேர்ந்து அமைத்த சங்கம். நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. கருத்தரங்கு, விருது, தொழில் நெறிமுறை என்று பல வேலைகள் செய்கிறது. உறுப்பினராக இருப்பது கௌரவம், தொடர்புகளும் கிடைக்கும். ஆனால் உறுப்பினராக இல்லாதவரைத் தொழில் செய்யாதே என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை.

மத்திய அரசு 2007இல் தேசிய வடிவமைப்புக் கொள்கையைக் கொண்டு வந்தது. அதைத் தொடர்ந்து 2009இல் இந்தியா டிசைன் கவுன்சில் அமைந்தது. பெயரில் 'கவுன்சில்' இருப்பதால் மருத்துவக் கவுன்சில், பார் கவுன்சில் போல என்று நினைத்துவிட வேண்டாம். வடிவமைப்பை ஊக்குவிப்பதுதான் இதன் வேலை. டிசைனர்களுக்கு லைசன்ஸ் கொடுப்பது இதன் பொறுப்பு அல்ல.

ஆர்க்கிடெக்ட் சட்டம் எதைத் தடுக்கிறது?

ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 37ஆவது பிரிவைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பதிவு செய்யாதவர் கட்டட வடிவமைப்பு வேலையே செய்யக் கூடாது என்று அது சொல்வதாக நினைக்கிறார்கள். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான பதில் சொல்லிவிட்டது. நொய்டா ஆணையத்தில் இருந்த 'அசோசியேட் ஆர்க்கிடெக்ட்' என்ற பதவி தொடர்பான வழக்கு அது. 37ஆவது பிரிவு தடுப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்துவதைத்தான், அந்தத் தொழிலைச் செய்வதை அல்ல என்று நீதிமன்றம் கூறியது. கூடவே, பதிவு பெறாதவர்கள் வகிக்கக்கூடிய பதவிக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது, மாற்றுங்கள் என்றும் சொன்னது.

இந்தத் தீர்ப்பில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. 'இன்டீரியர் டிசைனர்', 'இன்டீரியர் டெக்கரேட்டர்' என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளலாம். பி.டெஸ். மட்டும் முடித்துவிட்டு 'இன்டீரியர் ஆர்க்கிடெக்ட்' என்று போட்டால் வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள். கேட்க அழகாக இருக்கிறது என்பதற்காகப் பலரும் இன்ஸ்டாகிராம் பயோவில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டப்படி முதல் முறை தண்டனை 500 ரூபாய் வரை அபராதம்தான். திரும்பச் செய்தால் ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் இன்டீரியர் வேலை செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. கவுன்சில் வெளியிடும் கட்டண வழிகாட்டியிலேயே இன்டீரியர் ஆர்க்கிடெக்சர் ஒரு பிரிவாக இருக்கிறது. ஆக, நீங்கள் ஆர்க்கிடெக்ட் பெயரைத் தொட முடியாது, அவர்கள் உங்கள் சந்தைக்கு வரலாம். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருமான வரித் துறைக்குத் தெரிகிறது, புள்ளிவிவரத்துக்குத் தெரியவில்லை

ஒரு வேடிக்கை. தொழிலை ஒழுங்குபடுத்தச் சட்டம் இல்லை என்றேன். ஆனால் வரி வசூலிக்கும் சட்டத்துக்கு இந்தத் தொழில் நன்றாகத் தெரியும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏஏ பிரிவு, வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், ஆர்க்கிடெக்ட், கணக்காளர் ஆகிய தொழில்களோடு 'இன்டீரியர் டெக்கரேஷன்' என்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அந்தப் பட்டியலில் வழக்கறிஞர், மருத்துவர், ஆர்க்கிடெக்ட் எல்லோரும் தங்கள் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் இன்டீரியருக்குப் பதிவு செய்ய ஓர் இடமே இல்லை.

சரி, இந்தியாவில் எத்தனை இன்டீரியர் டிசைனர்கள் இருக்கிறார்கள்? டேட்டாவோடு வேலை செய்கிறவள் என்பதால் என் முதல் கேள்வி இதுதான். ஆர்க்கிடெக்ட் என்றால் கவுன்சில் பதிவேட்டை எண்ணிவிடலாம், 1 லட்சத்துக்கும் மேல். இன்டீரியர் டிசைனருக்குப் பதிவேடு இல்லாததால் எண்ணிக்கையும் இல்லை.

தொழிலாளர் கணக்கெடுப்பில் தேடலாமே என்று தோன்றும். தேசியத் தொழில் வகைப்பாடு 2015இல் 'இன்டீரியர் டிசைனர், டெக்கரேட்டர்' என்பதற்கு 3432 என்று தனி எண் உண்டு. ஆனால் பிஎல்எஃப்எஸ் எனப்படும் தொழிலாளர் கணக்கெடுப்பு முதல் மூன்று இலக்கங்களைத்தான் பதிவு செய்கிறது. 343 என்ற அந்தப் பிரிவுக்குள் போட்டோகிராபர், மியூசியம் உதவியாளர், ஹோட்டல் செஃப் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள். ஒரு டிசைனரின் சராசரி வருமானத்தை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆர்க்கிடெக்டின் எண் 2161. 2இல் தொடங்குபவை 'புரொஃபஷனல்' தொழில்கள். 3இல் தொடங்குபவை 'டெக்னீஷியன், அசோசியேட் புரொஃபஷனல்' வகை. சர்வதேச வகைப்பாட்டைப் பின்பற்றி வந்த எண்கள்தான் இவை. ஆனாலும் அரசின் கணக்குப் புத்தகம் இந்தத் தொழிலை ஒரு படி கீழே வைத்திருக்கிறது என்பது உண்மை.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன்? "இன்டீரியர் டிசைனரின் சராசரி ஆண்டுச் சம்பளம் இவ்வளவு லட்சம்" என்று கோர்ஸ் விற்பவர் சொன்னால், அதற்கு அரசுப் புள்ளிவிவர அடிப்படை இல்லை. அவரிடம் போன வருட மாணவர்களின் ஆஃபர் லெட்டரைக் காட்டச் சொல்லுங்கள். அந்த டேட்டா அவரிடம் இருக்க வேண்டும்.

என்னென்ன படிப்புகள் இருக்கின்றன?

பி.ஆர்க். 5 ஆண்டுகள். 12ஆம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். நேட்டா அல்லது ஜேஇஇ மெயின் தேர்வின் ஆர்க்கிடெக்சர் தாளை எழுத வேண்டும். இது நீளமான பாதைதான். ஆனால் முடிவில் சட்டப் பாதுகாப்புள்ள பட்டப்பெயர் கிடைக்கும். கட்டடமும் செய்யலாம், இன்டீரியரும் செய்யலாம். கணிதம் பிடிக்கும், ஐந்து வருடம் பொறுக்க முடியும், வீட்டில் செலவைத் தாங்குவார்கள் என்றால் இதுதான் அதிகக் கதவுகளைத் திறக்கும்.

பி.டெஸ். பொதுவாக 4 ஆண்டுகள். பல கல்வி நிறுவனங்களில் காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப் மாணவர்களும் சேரலாம். அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனில் ஃபர்னிச்சரும் இன்டீரியரும் சேர்ந்த பிரிவு இருக்கிறது. அதற்கு டிஏடி என்ற நுழைவுத் தேர்வு உண்டு. (இதையும் சுருக்கமாக என்ஐடி என்றுதான் சொல்வார்கள். திருச்சி என்ஐடி வேறு, இது வேறு. ஜேஇஇ மதிப்பெண் இங்கே செல்லாது.) அகமதாபாத்திலேயே செப்ட் பல்கலைக்கழகத்தில் இன்டீரியர் டிசைன் தனித் துறையாகப் பல ஆண்டுகளாக நடக்கிறது. மும்பை சர் ஜே.ஜே. ஸ்கூல் ஆஃப் ஆர்ட் இந்தத் துறையில் பழைய பெயர். இவை தவிர நிறைய தனியார் பல்கலைக்கழகங்களும் பி.டெஸ். நடத்துகின்றன. தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும்.

பி.எஸ்சி. இன்டீரியர் டிசைன் 3 ஆண்டுகள். கலை அறிவியல் கல்லூரிகளில், பெரும்பாலும் ஹோம் சயின்ஸ் துறையின் வழியாக வளர்ந்த படிப்பு. கட்டணம் குறைவாக இருக்கும், பல்கலைக்கழகப் பட்டமும் கிடைக்கும். சாஃப்ட்வேர், சைட் அனுபவம் இரண்டையும் நீங்களே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

ஐடிஐ. இதைப் பற்றி யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் 'இன்டீரியர் டிசைன் அண்ட் டெக்கரேஷன்' என்ற ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. 10ஆம் வகுப்பு தேர்ச்சி போதும். முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ். 'அரசு அங்கீகாரம் பெற்ற ஓராண்டு கோர்ஸ்' என்ற வாசகத்துக்கு நேர்மையாகப் பொருந்துவது இதுதான். எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு இருக்காது, விசாரித்துப் பாருங்கள்.

தனியார் டிப்ளமா. ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை. இந்தத் துறையில் விளம்பரம் அதிகமாக வருவது இவற்றுக்குத்தான். நல்ல ஆசிரியர்கள் நடத்தும் நல்ல டிப்ளமாக்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஏற்கெனவே சிவில் படித்தவர், டிகிரி முடித்து வேலையில் இருப்பவர் போன்றவர்களுக்குக் குறுகிய காலத்தில் தொழில் கற்றுக்கொள்ள இது உதவும். ஆனால் டிப்ளமா பட்டம் ஆகாது. பிற்பாடு முதுகலை படிக்கவோ, பட்டம் கேட்கும் வேலைக்கு விண்ணப்பிக்கவோ தனியாக ஒரு டிகிரி வேண்டும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன் 1961இல் தொடங்கியது. 2014இல் தனிச் சட்டம் வரும்வரை அங்கே படித்தவர்களுக்கும் கிடைத்தது டிப்ளமாதான். ஆனாலும் நாட்டின் முதன்மை டிசைனர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். ஆகவே டிப்ளமா என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை. சந்தை பார்ப்பது உங்கள் போர்ட்ஃபோலியோவை. பட்டம் கேட்பது ஹெச்ஆர் விதி, மேற்படிப்பு, விசா. உங்களுக்கு இந்த இரண்டில் எது தேவை என்பதுதான் கேள்வி.

விளம்பரத்தில் வரும் வார்த்தைகளுக்கு என்ன பொருள்?

'யுஜிசி அங்கீகாரம்': 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22ஆவது பிரிவுப்படி, பட்டம் கொடுக்கும் உரிமை சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் தந்த நிறுவனம் ஆகியவற்றுக்கு மட்டுமே. மாடியில் இரண்டு ரூம் எடுத்து நடத்தும் பயிற்சி மையம் தன் பெயரில் பி.டெஸ். கொடுக்க முடியாது. 'எங்களுக்கு ஒரு யுனிவர்சிட்டியோடு டை-அப்' என்றால், சான்றிதழில் யார் பெயர் இருக்கும், அந்தப் பல்கலைக்கழகம் யுஜிசி இணையதளப் பட்டியலில் இருக்கிறதா, இந்த மையத்தை அது தன் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யுஜிசி வெளியிடுகிறது.

'ஐஎஸ்ஓ சான்று': ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனம் தன் வேலையை எழுதிவைத்த நடைமுறைப்படி நடத்துகிறதா என்பதற்கான சான்று. பிஸ்கட் கம்பெனியும் வாங்கலாம். பாடத்திட்டத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'எம்எஸ்எம்இ பதிவு': உத்யம் இணையதளத்தில் இலவசமாகச் செய்துகொள்ளும் தொழில் பதிவு. நாளைக்கு நீங்கள் டிசைன் ஸ்டூடியோ தொடங்கினால் உங்களுக்கும் கிடைக்கும். அது கல்வி அங்கீகாரம் ஆகாது.

'ஸ்கில் இந்தியா சான்றிதழ்': இந்தத் துறைக்கு ஃபர்னிச்சர் அண்ட் ஃபிட்டிங்ஸ் ஸ்கில் கவுன்சில் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் மதிப்பீட்டில் தேறிக் கிடைக்கும் சான்றிதழ் உண்மையான திறன் சான்றிதழ்தான். ஆனால் அதுவும் டிகிரி இல்லை, லைசன்ஸும் இல்லை.

வயரிங் செய்பவருக்கு லைசன்ஸ் உண்டு, வரைபவருக்கு இல்லை

நீங்கள் ஒரு வீட்டுக்கு டிசைன் போடுகிறீர்கள். ஃபால்ஸ் சீலிங்கில் இருபது லைட், கிச்சனில் அவன், டிஷ்வாஷர், ஹாப் எல்லாம் வருகின்றன. அந்த வயரிங்கைச் செய்ய மாநில அரசு லைசன்ஸ் பெற்ற எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். ஆனால் எந்தப் பாயின்ட் எங்கே வர வேண்டும், எவ்வளவு லோடு என்று வரைந்து கொடுக்கும் உங்களுக்கு எந்த லைசன்ஸும் தேவையில்லை.

அடுத்து, 'ஓபன் கிச்சன் வேணும், இந்தச் சுவரை எடுத்துடலாமா?' என்று வீட்டுக்காரர் கேட்பார். அது பளு தாங்கும் சுவரா இல்லையா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 கட்டட வேலைக்குப் பொறுப்பேற்கும் நிபுணர்கள் என்று ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போன்றவர்களுக்குத் தகுதி வரையறுக்கிறது. உள் அலங்காரப் பொருட்களில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு அதே தொகுப்பில் வகைப்பாடும் இருக்கிறது. அந்த வகைப்பாட்டைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று டிசைனரைக் கட்டாயப்படுத்த ஆள் இல்லை.

இது வெறும் காகிதப் பிரச்சினை கிடையாது. 2017 டிசம்பர் 29 அதிகாலை மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மொட்டை மாடி உணவகத்தில் தீ பிடித்து 14 பேர் இறந்தார்கள். மேலே போட்டிருந்த கூரையில் எளிதில் தீப்பற்றும் பொருட்கள் இருந்ததால் தீ நொடிகளில் பரவியது. அழகுக்காகத் தேர்ந்தெடுக்கும் பொருள் ஒன்று, கூட்டம் கூடும் இடத்தில் உயிர் எடுக்கும் பொருளாக மாறலாம். படிக்கும் இடத்தில் தீப் பாதுகாப்பும் மின் லோடும் சொல்லித் தருகிறார்களா என்று நான் கேட்கச் சொல்வது இதனால்தான்.

லைசன்ஸ் இல்லை என்பதற்காகப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. நீங்கள் கட்டணம் வாங்கிச் செய்வது சேவை. குறை இருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வாடிக்கையாளர் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அங்கே உங்களைக் காப்பாற்றப் போவது உங்கள் ஒப்பந்தமும், கையெழுத்து வாங்கிய டிராயிங்கும்தான். வாட்ஸ்அப்பில் 'ஓகே சார்' என்று வந்த மெசேஜை மட்டும் நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம்.

தொழில் தொடங்க என்ன பதிவு வேண்டும்?

பான், வங்கிக் கணக்கு, உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம், உங்கள் மாநிலத்தில் இருந்தால் தொழில் வரி. ஜிஎஸ்டி பதிவு, பெரும்பாலான மாநிலங்களில் சேவைகளுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டும்போது கட்டாயம். இன்டீரியர் டிசைன் சேவைக்கு வரி 18 சதவீதம்.

இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். வருடத்துக்கு நாலு வீடு செய்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் டிசைன் கட்டணம் 75,000 ரூபாய். கட்டணம் மட்டும் வாங்கினால் உங்கள் விற்றுமுதல் 3 லட்சம். ஜிஎஸ்டி எல்லைக்கு வெகு தூரம். அதே நாலு வீட்டையும் பிளைவுட், ஹார்டுவேர், கார்பென்டர் கூலி எல்லாம் உங்கள் பில்லிலேயே சேர்த்து, வீட்டுக்கு 6 லட்சம் என்று முடித்துக் கொடுத்தால் விற்றுமுதல் 24 லட்சம். உங்கள் கைக்கு நிற்பது கிட்டத்தட்ட அதே 3 லட்சமாக இருக்கலாம். ஆனால் ஜிஎஸ்டி பதிவு, மாதாந்திரக் கணக்கு, வேலையில் வரும் குறைக்கான முழுப் பொறுப்பு எல்லாம் உங்கள் தலையில். இரண்டுமே சரியான வழிகள்தான். எதில் இறங்குகிறோம் என்று தெரிந்து இறங்க வேண்டும்.

வெளிநாடு போனால்?

அமெரிக்காவில் என்சிஐடிக்யூ என்ற தேர்வு உண்டு. பல மாநிலங்கள் பதிவுக்கு இதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கின்றன. படிப்பு மட்டும் போதாது, வேலை அனுபவமும் வேண்டும். இன்டீரியர் டிசைனில் இளங்கலைப் பட்டம் இருந்தால் 3,520 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் என்று வைத்தால் 88 வாரம், ஏறத்தாழ ஒன்றே முக்கால் வருடம். பட்டம் குறைந்த அளவில் இருந்தால் மணி நேரம் கூடும். ஆறு மாத டிப்ளமாவை வைத்துக்கொண்டு இந்த வாசலுக்குப் போக முடியாது.

பிரிட்டனில் நம்மைப் போலத்தான். 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயருக்குப் பாதுகாப்பு உண்டு, இன்டீரியர் டிசைனருக்கு லைசன்ஸ் கிடையாது. வளைகுடா நாடுகளில் வேலை விசாவுக்கு அட்டெஸ்ட் செய்த பட்டச் சான்றிதழ் கேட்பது வழக்கம். வெளிநாட்டுக் கனவு இருந்தால், இன்றே பல்கலைக்கழகப் பட்டத்தைக் குறிவைப்பது நல்லது.

இந்தியாவில் லைசன்ஸ் வர வேண்டுமா?

தொழிலில் இருப்பவர்களிடமே இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. 'வரணும்' என்பவர்கள் சொல்வது: தீ, மின்சாரம், சுவர் என்று உயிரோடு விளையாடும் முடிவுகளை எடுக்கிறோம், முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களால் எல்லோர் பெயரும் கெடுகிறது, ஒரு பதிவேடாவது வேண்டும்.

'வேண்டாம்' என்பவர்களின் வாதமும் லேசானதல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இன்டீரியர் டிசைன் தொழிலுக்கே லைசன்ஸைக் கட்டாயமாக்கிய சட்டத்தை, அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2007இல் செல்லாது என்று தள்ளியது. திரைச்சீலை, குஷன், நிறம் பற்றி ஆலோசனை சொல்லவும் லைசன்ஸா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. நம் ஊரில் இது இன்னும் கூர்மையாகும். நம் வீடுகளின் உள்வேலையில் பெரும் பங்கு ஆசாரிகள் கையால் ஆனது. தலைமுறையாக மரவேலை செய்பவர், 'இந்த அலமாரியை இப்படி வைக்கலாம்' என்று சொல்வதும் டிசைன்தான். அவர் நாளைக்குப் பட்டம் காட்ட வேண்டும் என்றால், லைசன்ஸ் பாதுகாப்பாக இருக்காது, வேலியாகிவிடும். பி.டெஸ். கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு மட்டுமான தொழிலாக இது மாறிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. புளோரிடா மாநிலம் 2020இல் இன்டீரியர் டிசைனருக்கான கட்டாய லைசன்ஸை எடுத்துவிட்டது. விரும்புகிறவர் தகுதி காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவருக்குக் கட்டட அனுமதிக்கான வரைபடங்களைத் தன் பொறுப்பில் சமர்ப்பிக்கும் உரிமை கிடைக்கும். மற்றவர்கள் வழக்கம்போல் தொழில் செய்யலாம்.

என் பார்வையில் நமக்குப் பொருந்துவதும் இந்த மாதிரிதான். ஒரு வீட்டின் ஹாலுக்கு என்ன நிறம் என்பதில் அரசுக்கு வேலை இல்லை. ஆனால் நூறு பேர் கூடும் உணவகம், தியேட்டர், கோச்சிங் சென்டர், மருத்துவமனை ஆகியவற்றின் உள்வேலைக்கு, தீப் பாதுகாப்பு தெரிந்த, பதிவு பெற்ற ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பதிவுக்குப் பட்டம் ஒரு வழி, ஐடிஐயோடு அனுபவமும் ஒரு தேர்வும் இன்னொரு வழி என்று இருக்க வேண்டும். அப்போதுதான் ஆசாரியின் மகளும் அந்தப் பதிவேட்டில் வர முடியும்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

ஒன்று: சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? மாதிரிச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மையத்தின் பெயர் மட்டும் இருந்தால் அது டிகிரி இல்லை.

இரண்டு: பாடத்திட்டத்தில் கட்டுமானப் பொருட்கள், மின்சாரம், தீப் பாதுகாப்பு, எஸ்டிமேட் போடுவது ஆகியவை இருக்கின்றனவா? வெறும் த்ரீடி சாஃப்ட்வேர் என்றால், நீங்கள் படிப்பது சாஃப்ட்வேர் கோர்ஸ். அதற்கு அந்த விலை கொடுக்கலாமா என்று யோசியுங்கள்.

மூன்று: சைட்டுக்கு எத்தனை நாள் கூட்டிப் போவார்கள்? கார்பென்டரோடு நின்று பேசாமல் இந்தத் தொழில் வராது.

நான்கு: போன வருடம் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இரண்டு பேரின் நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள். வேலை கிடைத்ததென்றால் டிசைன் வேலையா, மாத டார்கெட் உள்ள விற்பனை வேலையா என்பதையும் கேளுங்கள். பல நிறுவனங்களின் வேலை விளம்பரத்தில் இரண்டும் ஒரே பெயரில் வரும்.

ஐந்து: நடுவில் நின்றால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? எழுத்தில் வாங்குங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர் என்றால் இன்னொரு யோசனை. முதல் தவணை கட்டும் முன், தெரிந்த ஒரு டிசைனரிடம் கேட்டு நாலு சனிக்கிழமை சைட்டுக்குப் போய் நில்லுங்கள். மரத்தூள், தாமதமாக வரும் பிளம்பர், நாளுக்கு நாள் மனம் மாறும் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பாருங்கள். ஐந்தாவது சனிக்கிழமையும் போகத் தோன்றினால், எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று தேட ஆரம்பிக்கலாம்.